எந்திரமும் கையொப்பமும்

புத்தூர் என்றவுடன் நம்மவருள் பலருக்கும் முறிந்த எலும்புக்குப் போடும் கட்டுத்தான் நினைவுக்கு வரும். ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் அமைந்த இவ்வூருக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. தமிழில் தொடங்கிய பேச்சு தெலுங்கில் முடிவது இங்கே புதுமையன்று. சென்னையில் எடுத்த படம் இரு மொழியாருக்கும் சொந்தமாவதும் இத்தகைய ஊர்களில் இயல்பே.

அவ்வாறு எல்லை கடந்த படங்களுள் ஒன்று, 2010 அக்டோபர் முதல் நாள் வெளியான ஷங்கரின் 'எந்திரன்'. தெலுங்கில் அது 'ரோபோ', இந்தியில் 'ரோபோட்'. வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் ஏதேனும் ஒரு பெயரில் அதனைக் கண்டிருக்கக் கூடும். சிந்திக்கும் எந்திரம் மனிதனுக்குப் பகையாகும் கதைகள் நமக்கு உணர்த்துவது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இக்கதை மேனாட்டாருக்குப் பழையது. 1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்னும் படத்தில், விண்கலத்தை நடத்தும் 'ஹால்' என்ற கணிப்பொறி தன் பயணிகளையே கொல்லத் துணிகிறது. 1970-இல் வந்த 'கொலோசஸ்' படத்தில், அமெரிக்கா தன் பாதுகாப்பு முழுவதையும் ஒரு பெருங்கணிப்பொறியிடம் ஒப்படைக்கிறது. அது சோவியத் நாட்டுக் கணிப்பொறியுடன் கைகோத்து உலகையே அடக்க முற்படுகிறது. 1984-இல் வந்த 'டெர்மினேட்டர்' படத்து 'ஸ்கைநெட்' மனித குலத்தையே ஒழிக்கப் புறப்படுகிறது. இவற்றில் எல்லாம் நம் கண் எந்திரத்தின் மீதே பதிகிறது. அதனிடம் சாவியைக் கொடுத்த கை கண்ணுக்குப் படுவதில்லை.

உண்மை வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைப் பாருங்கள். 1983 செப்டம்பர் 26-ஆம் நாள், அமெரிக்காவிலிருந்து ஏவுகணைகள் புறப்பட்டுவிட்டன என்று சோவியத் எச்சரிக்கைக் கணிப்பொறி அறிவித்தது. முதலில் ஒன்று என்றது. பிறகு ஐந்து என்றது. பணியிலிருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அதனை அப்படியே நம்பவில்லை. போர் தொடுப்பவர் ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்குவாரோ என்று எண்ணினார். பொய் எச்சரிக்கை என மேலிடத்துக்குத் தெரிவித்தார். உயர்ந்த மேகங்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணையெனக் கொண்டது பின்னர்ப் புலனாயிற்று. அன்று எந்திரம் எவரையும் பகைக்கவில்லை; தவறாகக் கண்டது, அவ்வளவே. பேரழிவைத் தடுத்தது ஐயுறத் தெரிந்த ஒரு மனிதனின் பொறுப்புணர்ச்சி.

தமிழில் இக்கருத்தை முன்னரே தொட்டவர் எழுத்தாளர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர் அவர். நம்மைப் போலவே வெளி மாநிலத்தில் பிழைத்த தமிழர். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய 'என் இனிய இயந்திரா'வில், நாட்டை ஆள்பவன் ஜீவா. மக்கள் அஞ்சி வணங்கும் அந்த ஜீவாவோ மனிதனே அல்லன்; ஒளியால் சமைத்த பிம்பம். ஆட்டுவிப்போர் திரைக்குப் பின்னால் இருக்கின்றனர். அக்கதையில் மனிதருக்கு உற்ற துணையாவது ஜீனோ என்னும் எந்திர நாய். எந்திரமே தீமை என்று அவர் கொள்ளவில்லை என்பது இதனால் விளங்கும்.

2008-இல் மறைந்த சுஜாதாவுக்கு 'எந்திரன்' வசனத்திலும் பங்குண்டு. அப்படத்தில் பலரும் வியப்பது சண்டைக் காட்சிகளை. நமக்கோ தீ விபத்துக் காட்சியே பெரிது. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து மக்களைக் காப்பாற்று என்பது கட்டளை. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சிட்டி ஆடையின்றியே பலர் முன் தூக்கி வருகிறது. உயிரைக் காத்தது, மானம் என்பது அதற்குத் தெரியாது. அப்பெண் நாணம் தாளாமல் ஓடி வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். கட்டளையில் பிழையில்லை, நிறைவேற்றியதிலும் பிழையில்லை. ஆயினும் ஓர் உயிர் போயிற்று. பின்னர் அழிவு வேலை செய்யும் சில்லை அதனுள் பொருத்துபவனும் மனிதனே. அதனால்தான் கதை இறுதியில் நீதிமன்றத்துக்குச் செல்கிறது. சில்லைப் பொருத்தியவன் யார் என்பதற்குச் சிட்டியே சான்று காட்டுகிறது.

இனித் திரையை விட்டு நம் ஊருக்கு வருவோம். அரசு அலுவலகங்களில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோரின் மேசைக்கும் சிந்திக்கும் எந்திரம் வந்துவிட்டது. இந்திய மொழிகளுக்கிடையே மொழிபெயர்க்க 'பாஷிணி' என்னும் ஏற்பாட்டை மத்திய அரசு 2022-இல் தொடங்கிற்று. பக்கம் பக்கமாக நொடியில் பெயர்க்கும் இத்தகைய கருவிகளை நாம் வெறுக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லை எண்ணுங்கள்: 'அவசரம்'. தமிழில் அது விரைவைக் குறிக்கும். தெலுங்கில் தேவையைக் குறிக்கும். புத்தூரில் ஒரு மருத்துவர் நோயாளியிடம் அறுவை சிகிச்சை 'அவசரம்' என்று தெலுங்கில் கூறினால், அது தேவை என்பது பொருள். 'அவசரம் இல்லை' என்றாலோ, தேவையே இல்லை என்பது பொருள். தமிழ்க் காதோ, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கொள்ளும். ஒரே ஒலி, இரண்டு விதி. எந்திரம் பெரும்பாலும் சரியாகவே பெயர்க்கலாம். தவறிய ஒரு நாளில் அந்த நோயாளிக்கு விடை கூற வேண்டியவர் யார்?

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் காதங்கி என்னும் சிற்றூரில் தேசிய வளிமண்டல ஆய்வகம் உள்ளது. வளிமண்டலத்தின் போக்கை ரேடார் கொண்டு அளந்தும் கணிப்பொறி கொண்டு கணக்கிட்டும் அங்கே ஆராய்கின்றனர். புயலின் வழியைக் கணிக்கக் கணிப்பொறி வேண்டும். கரையோர மக்களை வெளியேற்றும் ஆணையில் மட்டும் ஓர் அதிகாரி கையொப்பமிடுகிறார். கணிப்பு பிழைத்தாலும் பலித்தாலும் மக்கள் கேட்பது அவரைத்தான்.

கையொப்பம் என்பது மையால் இட்ட கோடு மட்டுமன்று. 'நான் பார்த்தேன், நான் பொறுப்பு' என்னும் உறுதி அது. கணக்கிடுவதையும் தேடுவதையும் எந்திரத்துக்குக் கொடுக்கலாம். இவ்வுறுதியைக் கொடுத்தல் ஆகாது. வங்கியிலோ மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ, 'கணிப்பொறி அப்படிச் சொல்லுகிறது' என்று எவரேனும் கூறி முடித்துவிட்டால், 'ஐயா, தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?' என்று பணிவோடு கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கூற ஒருவர் இருக்கும் வரை எந்திரத்துக்கு நாம் அஞ்ச வேண்டுவதில்லை.