நீலியும் புதுப் படமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாச் சொற்பொழிவு என்றால் வள்ளுவரையோ கம்பரையோ பற்றியதாக இருத்தல் வழக்கம். அதற்குப் புலவர்கள் இருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, டிக்கெட் கௌண்டருக்குப் பின்னால் சில்லறை எண்ணிக் காலம் கழிக்கும் நமக்கு அந்தத் துணிவு கிடையாது. ஆகவே சினிமாவைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். செயலாளர் முகம் சுளித்தார், ஆயினும் அனுமதித்தார். அவரும் அந்தப் படத்தை இருமுறை பார்த்தவர் என்பது நமக்குத் தெரியும்.

2025 ஆகஸ்டு 28 அன்று, ஓணத்தை ஒட்டி, 'லோகா அத்தியாயம் 1: சந்திரா' என்னும் மலையாளப் படம் வெளியாயிற்று. டொமினிக் அருண் இயக்கியது. துல்கர் சல்மானின் நிறுவனம் தயாரித்தது. கல்யாணி பிரியதர்ஷன் கதாநாயகி. ஏறக்குறைய 30 கோடி ரூபாயில் எடுத்த படம் என்று செய்தித்தாள்கள் எழுதின; உலகெங்கும் 300 கோடிக்கு மேல் வசூலித்தது. பெங்களூரில் இராக்காலத்தில் உலவும் சந்திரா என்னும் இளம்பெண் உண்மையில் யார் என்றால், கள்ளியங்காட்டு நீலி! பாறசாலையில் வண்டி ஏறினால் குழித்துறை, இரணியல் என்று நிலையங்கள் கடந்து நாகர்கோவிலை நெருங்கும் பக்கத்தில் இருக்கிறதே கள்ளியங்காடு, அந்த ஊர் நீலி. நமது பாட்டிமார் சொல்லிப் பயமுறுத்திய அதே நீலி, வெள்ளித்திரையில் கறுப்பும் சிவப்புமாய் உடை தரித்து வந்துவிட்டாள்.

காலனியில் அந்த ஓண விடுமுறை முழுதும் இதே பேச்சாய் இருந்தது. நெய்யாற்றின்கரைக்குச் சென்று பார்த்துவிட்டு வந்த இளைஞர்கள் தலைகால் புரியாமல் ஆடினர். எல்லை தாண்டிக் களியக்காவிளைப் பக்கம் உறவினர் வீடுகளுக்குச் சென்ற பிள்ளைகள் தமிழ்ப் பிரதியைப் பார்த்துவிட்டு, மலையாளத்தில் பார்த்தவர்களோடு சண்டையிட்டனர். முற்பாதி அருமை, பிற்பாதியில் வேகம் குறைந்தது என்பது ஒரு கட்சி. கதையே அடுத்த படத்துக்கான முன்னுரைதான், காசு கொடுத்து முன்னுரை படிப்பதா என்பது மற்றொரு கட்சி. பெங்களூர்ப் பெண்களைப் பற்றிய ஒரு வசனம் கன்னடியரின் மனத்தைப் புண்படுத்திற்று என்று எதிர்ப்பு எழுந்ததும், தயாரிப்பாளர்கள் வருத்தம் தெரிவித்து அதனை நீக்க முன்வந்ததும் நீங்கள் அறிந்தவையே. பிறமொழி நாட்டில் வாழும் நமக்கு அந்தச் செய்தி சற்றே உறைத்தது.

அதிமானுட வீரர் என்னும் சரக்கு நமக்குப் புதியதன்று. 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. நாம் பள்ளியில் படித்த நாளில், பழைய பிரதிகளைப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்து அடி வாங்கியதுண்டு. 1997-இல் தூர்தர்ஷனில் சக்திமான் வந்தபோது நமக்கு மீசை அரும்பிவிட்டது. இருந்தும் தம்பிக்காகப் பார்ப்பது போல் பாவனை செய்து பார்த்தோம். தமிழ்ச் சினிமாவில் 2012-இல் மிஷ்கின் 'முகமூடி' எடுத்தார். ரசிகர்கள் பெரிதும் எதிர்பார்த்து, பெரிதும் ஏமாந்தனர். 2021 டிசம்பரில் பேசில் ஜோசப் இயக்கிய 'மின்னல் முரளி' வந்தது. ஒரே மின்னல் இருவரைத் தாக்குகிறது. தையற்காரன் ஒருவன் வீரனாகிறான், தேநீர்க்கடைப் பணியாள் ஒருவன் கொடியவனாகிறான். அந்தக் கொடியவனாக நடித்தவர், கூத்துப்பட்டறையில் பயின்ற நமது குரு சோமசுந்தரம். படம் முடிந்த பின் வீரனை நினைத்தவர்களைவிட அந்தத் தேநீர்க்கடைக்காரனை நினைத்துக் கண்ணீர் விட்டவர்களே மிகுதி. நாமும் அவர்களுள் அடக்கம். 2023-இல் தமிழில் 'வீரன்', 'மாவீரன்' என இரு படங்கள் அடுத்தடுத்து வந்தன. முன்னதில் மின்னலும் ஊர்க்காவல் தெய்வமும். பின்னதில் படக்கதை எழுதும் கோழை ஒருவன் காதில் மட்டும் கேட்கும் குரல். வேடிக்கையாகச் சொன்னால் மக்கள் ஏற்கின்றனர், முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னால் சிரிக்கின்றனர் என்று அப்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். நீலி வந்து அந்த முடிவைக் கலைத்தாள். அவள் படத்தில் அதிகம் சிரிப்பதே இல்லை.

அமெரிக்காவிலும் இதே வழக்குத்தான் நடக்கிறது. அங்கே 2013-இல் சூப்பர்மேனை இருண்ட முகத்தோடு காட்டினர். 2025-இல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நாய்க்குட்டி ஒன்றையும் துணைக்கு விட்டனர். இரண்டுக்கும் அன்பர்கள் உண்டு. ஒருவர் மற்றவரை ஏசுவதும் உண்டு. 2019-இல் 'அவெஞ்சர்ஸ்' வரிசையின் பெரும்படத்துக்கு உலகமே திரண்டது. நான்கே ஆண்டுகளில், 2023-இல், அதே நிறுவனத்தின் மற்றொரு படத்துக்குக் கொட்டகைகள் காலியாகக் கிடந்தன. வாரந்தோறும் விருந்து வைத்தால் பாயசமும் கசக்கும் அல்லவா! நமது ஊரிலும் 'அத்தியாயம் 1' என்று பெயர் வைத்துவிட்டனர். அடுத்தது சாத்தன் கதை என்று அறிவித்தும்விட்டனர். அத்தியாயங்கள் எத்தனை வரும் என்பதை எண்ணினால் சிறிது அச்சமாகத்தான் இருக்கிறது.

நிற்க. நமது காலனியில் எழுந்த பெரிய வழக்கு வேறு. "நம் நீலியை இப்படி மாற்றலாமா?" என்பதே அது. படத்தில் அவள் மலைக்குடிச் சிறுமி. கோயிலுக்குள் நுழைந்த குற்றத்துக்காக அரசனின் ஆட்கள் அவள் குடியையே அழிக்கின்றனர். 1936 நவம்பரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை திருவிதாங்கூர் எப்படி இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி வெறும் கற்பனையாகத் தோன்றாது. ஆனால் பழைய கதை அதுவன்று. பழைய கதையில் அவள், நகைக்கு ஆசைப்பட்ட கணவனால் கள்ளிச்செடியின் அடியில் கல்லால் அடித்துக் கொல்லப்பட்டவள்; மறுபிறவி எடுத்து வந்து பழி தீர்த்தவள். யட்சியைக் கடமற்றத்துக் கத்தனார் ஆணி அறைந்து அடக்கினார் என்பது கொட்டாரத்தில் சங்குண்ணி 'ஐதீகமாலை'யில் எழுதிய மரபு. படத்திலோ கத்தனார் அவளுக்கு நல்வழி காட்டுகிறவர்.

மாற்றினார்கள் என்று கோபிக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். நீலியை மாற்றியவர்களில் இவர்கள் முதல்வர் அல்லர். தொண்டை நாட்டுப் பழையனூரிலும் ஒரு நீலி உண்டு. கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனைத் தன் கணவன் என்று ஊரார் முன் அழுதாள். அவள் சொல்லை நம்பி, அவன் உயிருக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர், அவன் இறந்தபின் வாக்குத் தவறாமல் தீயில் இறங்கினர். இன்றும் 'நீலிக் கண்ணீர்' என்கிறோமே, அந்தக் கண்ணீர்தான் அது. அந்தப் பேயையே சமணப் புலவர் ஒருவர் எடுத்து, கொலையை வெறுத்து அறம் போதிக்கும் ஆசிரியையாக்கி, 'நீலகேசி' என்னும் காப்பியம் செய்தார். பேய் பட்டிமண்டபம் ஏறிப் பௌத்தரோடு வாதிட்டது! பல நூற்றாண்டுகளுக்கு முன் அது நடந்தபோதும், பழையனூரார் சிலர் "நம் நீலியை இப்படி மாற்றலாமா" என்று முணுமுணுத்திருப்பார்கள்.

இன்னும் சொல்வோம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் வழியில், ஆரல்வாய்மொழிக்கு அருகே, முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் இருக்கிறது. இயக்கி என்னும் சொல்லே இசக்கி என ஆயிற்று. அந்த அம்மனின் வரலாறாகச் சொல்லப்படுவதும், கள்ளியடியில் கொலையுண்ட இதே பெண்ணின் கதைதான். மலையாளத்தார் அவளைக் கோரைப்பல் யட்சியாகக் கண்டனர். நாம் தாயாகக் கண்டோம். பிள்ளை வரம் வேண்டி அவளிடம் போகிறோம்.

இந்தக் காலனியின் மூத்த பாட்டியம்மையை, பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றனர். விளவங்கோட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். படம் முழுதும் கண் கொட்டாமல் பார்த்தாராம். சண்டைக் காட்சியில் கைதட்டவும் செய்தாராம். வீடு வந்ததும், படம் எப்படி என்று நாம் வினவினோம்.

"நல்லாத்தான் எடுத்திருக்கானுவ, மக்களே. ஆனா பிள்ளை எங்கே? கையில பிள்ளை இல்லாம அவ என்ன இசக்கி?" என்றார்.

பத்திரிகைகளில் எத்தனையோ விமரிசனங்கள் படித்தோம். ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

அன்றிரவு அவர் திண்ணையில் அமர்ந்து முழுக்கதையையும் சொன்னார். வில்லுப்பாட்டில் கேட்ட கதை. இடையிடையே பாட்டும் வந்தது. சுற்றிலும் இருந்த குழந்தைகள் பலருக்கு அந்தத் தமிழ் பாதிதான் விளங்கிற்று. "யட்சி" என்றால் துள்ளுகின்றனர். "இசக்கி" என்றால் விழிக்கின்றனர். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. கோட்டுக்கு இப்பால் பிறந்த பிள்ளைகள்மேல் அதற்காகக் குற்றம் சொல்வதற்கில்லை. படம் எடுத்தவர்கள்மேலும் சொல்வதற்கில்லை. அவர்கள் தம் கதையாக எண்ணியே எடுத்தனர், அது அவர்களுடைய கதையுந்தான்.

குற்றம் எங்கே என்பதை இந்த மேடையிலேயே சொல்லிவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் வரை நமது விழாவில் வில்லுப்பாட்டு நடந்தது. செலவு அதிகம், இளைஞர்கள் எழுந்து போய்விடுகின்றனர் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. திரையிசை நடனம் வைக்கலாம் என்று தீர்மானம் வந்தபோது நாமும் கை தூக்கினோம். அந்தக் கலைஞர்கள் தேதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுதும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. நாம் எழுதவில்லை. வேண்டாம் என்று எழுத வெட்கமாக இருந்தது, அவ்வளவே. அவர்கள் மறுபடி எழுதவில்லை.

திண்ணையில் கதை கேட்ட அன்று, நமது மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டியம்மையின் அருகே போய் அமர்ந்தாள். ஒன்பதாம் வகுப்பு, மலையாளப் பள்ளி. அதன் பின் பல மாலைகள் அப்படியே சென்றன. என்ன எழுதுகிறாள் என்று ஒருநாள் எடுத்துப் பார்த்தோம். பாட்டியம்மை சொன்னது சொன்னபடி, ஒரு சொல் மாறாமல் தமிழ். எழுத்துகள் மட்டும் முழுதும் மலையாளம். தமிழ் எழுத்து அவளுக்கு வராது. நாம் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு நாளும் இரு மொழிப் பெயர்ப்பலகையின் அடியில் நின்று வேலை செய்யும் தந்தைக்கு அதற்கு நேரம் கிட்டவில்லை.

இப்பொழுது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் அமர்ந்து, அந்த நோட்டைத் தமிழ் எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறோம். றகரம், ரகரத்தில் அவளும், சில இடங்களில் பாட்டியம்மையின் சொற்களில் நாமும் தடுமாறுகிறோம். நீலி கள்ளிக்கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கும் இடம்வரை வந்திருக்கிறோம். அந்தப் பகுதியை மகள் இப்போது உங்கள் முன் படிப்பாள். பிழை இருந்தால் பாட்டியம்மை இடைமறிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் ஓர் ஒலிபெருக்கி வைத்திருக்கிறோம்.