நம் மண்ணின் சர்க்கரை வியாதி
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல. ரசாயனம் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். ஆகவே மருந்து சொல்லப் போவதில்லை, ஓர் ஆராய்ச்சியின் கதையைச் சொல்கிறேன்.

பாலக்காடும் இடுக்கியும் கேரளத்தின் இரண்டு தமிழ் வாசல்கள். வாளையார் தாண்டினால் கோவை, குமுளி இறங்கினால் கம்பம். பாலக்காட்டில் நெல். இடுக்கி மலையில் குடியேறியவர்களுக்கோ நெடுங்காலம் மரவள்ளிதான் வயிற்றை நிரப்பியது. சந்தேகமும் முதலில் அந்தக் கிழங்கின் மேல்தான் விழுந்தது.

1960-களில் கேரளத்து டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் ஒரு விசித்திரமான சர்க்கரை வியாதியை விரிவாக ஆராய்ந்தார். நோயாளிகள் ஏழைகள், இளவயதினர், எலும்பும் தோலுமானவர்கள். சிறுவயதிலேயே வயிற்றுவலி, பிறகு கணையத்தில் கல், அப்புறம் சர்க்கரை. மரவள்ளியின் சயனைடு கணையத்தைக் கெடுக்கிறதோ என்று கருதினார்கள். ஆனால் அதை உண்ணாத ஊர்களிலும் நோய் இருந்தது. பின்னாளில் நோயாளிகள் பலரிடம் ‘ஸ்பிங்க்-1’ என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்தது. கிழங்கின் மேலிருந்த பழி பெரும்பாலும் நீங்கியது; நம் வீட்டு வறுவலுக்கு ஆயுசு கெட்டி!

கணையத்தில் கல்லே இல்லாமல், ஊட்டக்குறைவினால் மட்டும் சர்க்கரை வந்த மெலிந்தவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1985-ல் ஊட்டக்குறைவு நீரிழிவைத் தனி வகையாக ஏற்றது; 1999-ல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பெயர் போனால் நோயாளியும் கண்ணில் படாமல் போகிறான். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 2022-ல் வெளியிட்ட ஆய்வு, இவர்களுக்கு இன்சுலின் சுரப்பே குறைவு, ஆனால் இருக்கும் இன்சுலின் நன்றாகவே வேலை செய்கிறது என்று காட்டியது. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவு சம்மேளனம் இதை ‘ஐந்தாம் வகை’ என்று அங்கீகரித்தது.

இது வெறும் பெயர் விஷயமல்ல. வேளைக்குச் சோறில்லாத ஒருவருக்கு வழக்கமான அளவில் இன்சுலின் போட்டால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து. 2013-ல் ஊட்டக்குறைவால் குழந்தைகள் இறந்த செய்தி வந்த அட்டப்பாடி, நம் பாலக்காடு ஜில்லாவில்தான் இருக்கிறது.

நம்மவர் கதை வேறு. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி வயதுவந்தோரில் நீரிழிவு இந்தியாவில் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4, கேரளத்தில் 25.5. வாளையார் செக்போஸ்டின் இரு பக்கமும் இத்தனை வித்தியாசம்! அமெரிக்காவில் நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் நோய் வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தன. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் அதே வழியைச் சோதித்து 2006-ல் வெளியிட்ட கணக்கு 28.5 சதவீதம்தான். அங்குள்ள அளவுகோல் நமக்கு அப்படியே பொருந்தாது. அங்கே உடல் எடைக் குறியீடு 25 வரை சரி என்பார்கள். நமக்கு 23-லேயே எச்சரிக்கை. இடுப்பளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். வீட்டுக்குப் போனதும் டேப்பை எடுங்கள்.

கிளைகளுக்கு ஒரு விண்ணப்பம். முகாம்களில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்து அனுப்பிவிடுகிறோம். இனி உயரம், எடை, இடுப்பளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மெலிந்த இளைஞருக்குச் சர்க்கரை இருந்தால், சிறுவயதில் வயிற்றுவலி இருந்ததா, தினம் எத்தனை வேளை சாப்பாடு என்று கேட்டு எழுதி, அந்தச் சீட்டோடு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள். அடுத்த முகாமை அட்டப்பாடியிலோ மறையூரிலோ வைக்கலாம். பஸ் செலவுக்கு என் பங்கைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.