பட்டம் வாங்கிய பிறகு கதவு யார் கையில்?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்குவது வரைக்கும் நம்ம பிள்ளைகளுக்கு வழி தெரியும். அங்கே தாழ்த்தப்பட்டோருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாதம் 37,000 ரூபாய் மாணவர் பேரிலேயே வருகிறது. அதுவும் சுலபமாக வந்துவிடாது. 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோஹித் வெமுலா தன் கடைசிக் கடிதத்தில், 7 மாத உதவித்தொகை 1,75,000 ரூபாய் பாக்கி இருப்பதை எழுதிவிட்டுத்தான் போனார்.

நான் பேச வந்தது அடுத்த படியைப் பற்றி. உயிர்மருத்துவத்தில் பிஎச்.டி. முடித்த கையோடு யாரும் வேலை கொடுப்பதில்லை. இன்னொரு லேபில் சில வருஷம் போஸ்ட்-டாக் செய்யணும். அங்கே வெளியிடுகிற கட்டுரைகளை வைத்துத்தான் பிறகு ஆசிரியர் வேலை, விஞ்ஞானி வேலை எல்லாம். இந்தப் படியில் பொதுத்தேர்வு கிடையாது. ஒரு பேராசிரியர் இன்னொருவருக்கு எழுதும் சிபாரிசுக் கடிதம், மாநாட்டில் டீ குடிக்கும்போது "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான் சார்" என்கிற பேச்சு. இந்த 'நம்ம பையன்' எந்தத் தெருப் பையன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2023 ஆணைப்படி ரிசர்ச் அசோசியேட் சம்பளம் 58,000 முதல் 67,000 ரூபாய். நல்ல பணம்தான். ஆனால் அது பேராசிரியரின் பிராஜெக்ட் பணம். பிராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது.

லேபுக்குள் ஏழை ஜனங்கள் இல்லாமல் இல்லை. 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். நெரிசலான வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும், சானடோரியத்தில் படுத்துக் கிடப்பவருக்கு இணையாகக் குணமாகும் என்று 1959இல் நிரூபித்தார்கள். உலகம் பூரா காசநோய் வைத்தியமே மாறியது. அதற்குச் சளி கொடுத்தது இந்த நகரத்து ஏழைகள். சளி கொடுத்தவன் பேரப்பிள்ளை அதே மைக்ராஸ்கோப்பில் கண் வைக்க மட்டும் சிபாரிசுக் கடிதம் வேணுமாம்!

சட்டமும் லேசுப்பட்டதல்ல. 1975 ஆணை ஒன்று, ஆராய்ச்சி சம்பந்தப்பட்ட மேல்நிலை விஞ்ஞானப் பதவிகளுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குத் தந்தது. மத்திய கல்வி நிறுவனச் சேர்க்கைக்கான 2006 சட்டம், மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தையும் மானேசர் மூளை ஆய்வு மையத்தையும் வெளியே நிறுத்திவிட்டது. 'தகுதி' என்று சொன்னால் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது இவர்கள் எண்ணம். இன்னொரு ஆணையும் இருக்கிறது. 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனத்துக்கும் இடஒதுக்கீடு உண்டு என்று மத்திய அரசே 2022 நவம்பரில் மறுபடி எழுதியிருக்கிறது. பிராஜெக்ட் வேலைகளுக்கும் அதைப் பொருத்து என்று கேட்பது நம் வேலை. ஒவ்வொரு துறையிலும் எத்தனை போஸ்ட்-டாக், எங்கே விளம்பரம் செய்தீர்கள், யாரை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

கோரிக்கை ஜெயிக்கிறவரை படிக்கிற பிள்ளை காத்திருக்க முடியாது. கைடு தேர்ந்தெடுக்கும்போதே, அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். முதல் பெயராக உங்கள் பெயர் வரும் கட்டுரையை விட்டுக்கொடுக்காதீர்கள். கைடு ஒருவரையே நம்பாமல், வேறு இரண்டு ஆசிரியர்களுக்காவது உங்கள் வேலையைத் தெரியப்படுத்துங்கள். கடிதம் கேட்க ஆள் வேணும். கடைசி வருஷத்திலேயே வெளி லேபுகளுக்கு எழுத ஆரம்பியுங்கள். அந்த லேபின் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் நீங்கள் என்ன செய்ய முடியும் என்று பத்து வரி போதும். நம் பேரிலேயே வரும் தேசிய முதுமுனைவர் உதவித்தொகை, சி.எஸ்.ஐ.ஆர். அசோசியேட்ஷிப் இவற்றுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். அதிலும் வழிகாட்டியின் சம்மதம் கேட்பார்கள். இங்கிலீஷில் எழுதக் கூச்சமாயிருந்தால் ஏற்கெனவே உள்ளே போன நம்ம அண்ணன், அக்காக்களிடம் காட்டுங்கள். உள்ளே போனவர்களும் பதில் எழுதணும். போனைக் கட் பண்ணுகிற அண்ணன்களையும் எனக்குத் தெரியும்.