வெள்ளைக்கல்லும் நீரகமும்
(சேந்தமங்கலத்தில் நிகழ்த்திய பொழிவின் சுருக்கம்)



கொல்லிமலை அடிவாரத்தில் வாழ்வோர்க்குச் சேலத்து வெள்ளைக்கல் புதிதன்று. நூறாண்டுக்கும் மேலாக அதனை வெட்டினர், சூளையிற் சுட்டனர், இரும்பாலை உலைகளுக்கு உட்சுவர்க் கல்லாக்கினர். அக்கல்லினுள் அடங்கியுள்ள மாழையை எண்ணிப் பார்த்தவர் சிலரே. மக்னீசியம் என வழங்கும் வெளிமமே அம்மாழை.

அதன் அருமை யாது? ஐதரசன் எனப்படும் நீரகம் எரிந்தால் கரியில்லை, நீரே மிஞ்சும். ஆயின், அதனைச் சேமிப்பதே இடர். ஒரு கிலோ நீரகம் இயல்பான அழுத்தத்தில் ஏறத்தாழ 12,000 இலிட்டர் இடங்கொள்ளும். கலத்தில் அடைக்க 700 மடங்கு அழுத்தம் வேண்டும். நீர்மமாக்கச் சுழியத்துக்குக் கீழ் 253 பாகைக் குளிர் வேண்டும். மூன்றாவது வழி, மாழைக்குள் ஒடுக்கி வைப்பது.

இலாந்தனமும் நிக்கலும் சேர்ந்த கலவை இயல்பான சூட்டிலேயே நீரகத்தை ஏற்கும், விடும். ஆனால், ஒரு கிலோ நீரகத்துக்கு அக்கலவை ஏறத்தாழ 70 கிலோ வேண்டும். வெளிமத்தின் நீரகச் சேர்மமோ 13 கிலோ போதும். அதன் எடையில் 7.6 விழுக்காடு நீரகமே.

அதனை ஆக்குவது எங்ஙனம்? வெளிமத் தூளை நீரகத்தில் வைத்து அழுத்தமும் சூடும் ஏற்றுவர். நீரகம் மாழையின் மேற்பரப்பில் அணுவணுவாகப் பிரிந்து உட்புகும். ஆயின், முதலில் உண்டாகும் சேர்மமே ஓடுபோல் இறுகிப் பின்வருவதைத் தடுக்கும். முழு அரிசியினும் மாவு விரைந்து வேகுமன்றோ? அதுபோல், எஃகுருண்டையிட்ட ஆலையில் சிறிது நிக்கலுடன் வெளிமத்தை மிக நுண்ணிதாக அரைத்தால் தடை தளரும்.

குறையும் உண்டு. நீரகத்தை மீட்க ஏறத்தாழ 300 பாகைச் சூடு வேண்டும். அந்நீரகம் எரிந்து தரும் வெப்பத்தில் மூன்றிலொரு பங்களவு இதற்கே செலவாகும். எனவே, ஊர்திகளைவிட, வெப்பத்தை வீணே வெளிவிடும் உலைகளின் அருகே நிலையாக அமைக்கும் சேமிப்பகங்களுக்கே இது மிகவும் ஏற்றது.

கல்லிலிருந்து மாழையைப் பிரிக்கும் கலையும் தமிழகத்துக்கு அயலன்று. அழகப்பர் நிலமும் பொருளும் ஈந்தமையால், 1953-இல் காரைக்குடியில் நடுவண் மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பெற்றது. வெளிமக் குளோரைடை மின்னாற் பகுத்து மாழை பெறும் முறையை அங்குள்ள அறிஞர் வளர்த்தனர். அதற்கு மின்னாற்றல் மிகுதியாக வேண்டும் என்பதும் மறைக்கத் தக்கதன்று.

கல் சேலத்தில், கலை காரைக்குடியில். இரண்டையும் இணைக்கும் அறிவு இவ்வூர்ப் பள்ளிகளில் முளைக்கட்டும். கல்லைக் கல்லாகவே விற்றால் கூலியே மிஞ்சும். வெட்டியவரின் பேரப்பிள்ளைகளேனும் அதனுள் உள்ளதை ஆளக் கற்கட்டும்!