பாட்டன் வீட்டுக்கு விருந்தினர்

கண்டியிலிருந்து ஏ-9 வீதியில் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டினால் அக்குறணை. மிளகும் கராம்பும் விற்று வளர்ந்த ஊர். பிள்ளைகள் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, பூட்டிக் கிடக்கும் பாட்டன் வீட்டை என்ன செய்வது? விருந்தினர் தங்கும் விடுதியாக்கலாம்.

கண்டிக்கு அருகே குன்னேபானையில், 1804இல் கட்டிய அமுனுகம வளவு இன்று ‘த கண்டி ஹவுஸ்’ என்ற விடுதி. ஜெஃப்ரி பாவாவிடம் பணியாற்றிய கட்டடக் கலைஞர் சன்ன தஸ்வத்த அதைச் சீரமைத்தார். நடுமுற்றமும் மரத்தூண்களும் அப்படியே நிற்கின்றன. பழமையை மறைக்காததுதான் அங்கே ஈர்ப்பு. நம்மவர்களோ முதலில் முற்றத்தை மூடி டைல்ஸ் பதித்துவிடுகிறார்கள். எனக்கு அது மனம் பொறுக்காத காரியம்.

முதல் செலவு கூரைக்கு. ஓடு ஒழுகினால் மழைக்காலத்தில் வளையும் கைமரமும் உளுத்துப்போகும், கறையானும் ஏறும். பிறகுதான் குளியலறை, சுடுதண்ணீர். வீடு பிங்கா ஓயா பக்கம் என்றால் வெள்ளத்தையும் யோசியுங்கள். அக்குறணை நகரம் பலமுறை மூழ்கியிருக்கிறது. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வாரிசுகள் அனைவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய வீடுகள் விலைபோவது பெரும்பாலும் பங்குத் தகராறில்தான். வாடகை வந்தால், விற்காமலே அவரவர் பங்கு கைக்கு வரும். தங்க வருபவர்களுக்குக் கித்துள் கருப்பட்டி போட்ட வட்டிலப்பம் செய்துகொடுக்க, அயல்வீட்டுப் பெண்களுக்கும் வேலை கிடைக்கும்.