முகாம் குடியிருப்பாக மாறும் வழி
(மும்பை மாட்டுங்காவில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



நாம் கூடியுள்ள இடத்திற்கு அண்மையிலுள்ள தாராவிக்கு, திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி வந்த தமிழர் பலர். வறுமை அவர்களை ஊரை விட்டுப் பெயர்த்தது உண்மையே. எனினும், விரும்பியபோது அவர்கள் ஊர் திரும்பலாம். அகதிக்கு அவ்வழி அடைபட்டுவிடுகிறது. ஆகவே, அகதிக்குத் தேவைப்படுவது உதவி மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.

இந்நகரம் அகதிகளை அறியாததன்று. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையைத் தொடர்ந்து, சிந்து மாநிலத்து மக்கள் கராச்சியிலிருந்து கப்பலேறிப் பம்பாய் வந்தடைந்தனர். அவர்களுக்கு இடமளித்த ஊர்களுள் செம்பூரும் ஒன்று. அப்பகுதியை மக்கள் இன்றும் ‘செம்பூர் கேம்ப்’ என்றே குறிப்பிடுகின்றனர். கல்யாண் அருகே, போர்க்கால இராணுவ முகாமில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் தங்கவைக்கப்பட்டனர். 1949 ஆகஸ்டு 8 அன்று கவர்னர் ஜெனரல் இராஜாஜி அடிக்கல் நாட்ட, அம்முகாம் உல்லாஸ்நகர் என்னும் நகரமாயிற்று.

முகாம் நகரமானது எவ்வாறு? அம்மக்களின் உழைப்பு முதற்காரணம். ஆனால் உழைப்பின் பயன் நிலைக்கச் சட்டமும் துணை நின்றது. பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்தோர் குடிமக்களாவதற்கு அரசியல் சட்டத்தின் 6-ஆவது பிரிவு வழி செய்தது. விட்டுவந்த சொத்துகளுக்கு இழப்பீடு வழங்க 1954-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. குடியுரிமை பெற்றவர் கடை திறக்கவும், வீடு வாங்கவும், வாக்களிக்கவும், அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கவும் இயன்றது.

இனித் தமிழ்நாட்டை நோக்குவோம். 1983-ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழர்கள் கடல் கடந்து வந்தனர். 2021-இல் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தனர். மாத உதவித்தொகை, அரிசி, கல்வி ஆகியவற்றை அரசு அளித்து வந்துள்ளது. 2021-இல் இம்முகாம்கள் ‘மறுவாழ்வு முகாம்கள்’ எனப் பெயர் மாற்றப்பட்டன. புதிய வீடுகள் கட்டும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இவை பாராட்டத்தக்கவை.

ஒரு வரலாற்று முரணையும் இங்கு நினைவுகூர வேண்டும். அகதிகளை வரவேற்ற மண்டபம் முகாம், ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை அனுப்பப் பயன்பட்ட இடமாகும். அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழரும் அகதிகளாகத் திரும்பியோருள் அடங்குவர்.

முகாம் ஒன்றின் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது? ‘ஸ்பியர்’ என வழங்கும் உலக மனிதநேய நியமங்கள், ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் நீர், 3.5 சதுர மீட்டர் உறைவிடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை எனக் குறைந்தபட்ச அளவுகளை வகுத்துள்ளன. நெருக்கடியின் தொடக்கத்தில் இவை உயிர் காக்கும் அளவுகள். நாற்பது ஆண்டு வாழ்வை இவற்றால் மட்டும் அளப்பது பொருந்தாது.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. ஆயினும், 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த ஏறத்தாழ ஒரு கோடி மக்களுக்கு நம் நாடு புகலிடம் அளித்தது. சக்மா மக்கள் தொடர்பான 1996-ஆம் ஆண்டு வழக்கில், குடிமகனாயினும் அல்லராயினும் ஒவ்வொரு மனிதரின் உயிரையும் உரிமையையும் காப்பது அரசின் கடமை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்கு, உரிய பயண ஆவணமின்மைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025-இல் மத்திய அரசு விலக்களித்தது. அச்சம் குறைந்தது, குடியுரிமை கிட்டவில்லை.

இதன் சுமை இளைஞர் மேல் விழுகிறது. பெற்றோர் இருவரும் அகதிகளாயின், 1987 ஜூலை 1-க்குப் பின் இம்மண்ணில் பிறந்த பிள்ளை பிறப்பினால் மட்டும் குடியுரிமை பெறுவதில்லை. அப்பிள்ளை பட்டம் பெற்றாலும் அரசுப் பணியின் கதவு திறப்பதில்லை.

மாணவர்களே, அலுவலர்களே! தாயகம் திரும்ப விழைவோருக்குப் பாதுகாப்பான பயணமும் உரிய ஆவணங்களும் கிடைக்க வேண்டும். இங்கேயே வாழ விழைவோருக்குக் குடியுரிமைக்கான தெளிவான சட்டவழி வேண்டும். எவ்வழியாயினும் தேர்வு அவர்களுடையதாக இருத்தல் வேண்டும். அரிசியும் கூரையும் அகதியை வாழவைக்கும். சட்டம் அளிக்கும் தகுதியே அவரை அகதி நிலையிலிருந்து விடுவிக்கும். செம்பூரும் உல்லாஸ்நகரும் நமக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.