குப்பைமேனியும் ஒரு தெர்மோஸ்டாட்டும்

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியது)



மெக்கானிக்கல் படிச்சவனுக்கு மூலிகையில் என்ன வேலை என்று என் செட் நண்பர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. போன வருஷம் நம் பயோடெக்னாலஜி தங்கை ஒருத்தி, “அண்ணா, இன்குபேட்டரில் சூடு நிக்க மாட்டேங்குது” என்றாள். தெர்மோஸ்டாட் மாற்றப் போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

குப்பைமேனி இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து வடித்த சாறு. அதில் நனைத்த 6 மி.மீ. காகித வில்லை. அகார் தட்டில், புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியைப் பரப்பி, மேலே வில்லையை வைத்து, 37 டிகிரியில் ஒரு ராத்திரி. கிருமி வளராத தெளிந்த வட்டம் வந்தால் விட்டத்தை அளக்கணும். 1966-ல் பாயரும் கெர்பியும் கூட்டாளிகளும் ஒழுங்குபடுத்திய முறை.

வந்தது 14 மி.மீ. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் பட்டறைப் புத்தி. எடை போடுமுன் தராசு முள்ளைப் பார்ப்பேன். “வெறும் மெத்தனால் வில்லை எங்கேம்மா?” வைக்கவில்லை. வைத்தோம். அதற்கும் 12! வில்லை சரியாக உலரவில்லை. நன்றாக உலர்த்தித் திரும்பச் செய்தபோது மெத்தனாலுக்கு வட்டமே இல்லை; குப்பைமேனிக்கு 9. அதில் 6 வில்லையின் அகலம்.

தங்கை முகம் வாடிப்போச்சு. “ரிவ்யூ நாளன்னைக்குண்ணா. 14-ன்னே எழுதிடட்டுமா?”

அவளிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். என் அப்பாவுக்குச் சர்க்கரை. கால் புண்ணுக்கு இதே இலையை மஞ்சளோடு அரைத்து மூன்று வாரம் கட்டினோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இலை மேல் எனக்குக் கோபமில்லை. சொறிக்கு அம்மா இன்றும் அதைத்தான் அரைத்துப் பூசுகிறார். ஆனால் தட்டில் வட்டம் வந்தாலே புண் ஆறிவிடும் என்றில்லை. வட்டம் சிறுத்தால் மருந்தே இல்லை என்றும் இல்லை. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது, அகாரில் பரவாது, வட்டம் சின்னதாகத்தான் வரும். அதனால்தான் திரவத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்தக் குறைந்த அளவு வரை கிருமியைத் தடுக்குது என்று பார்க்கிறார்கள்.

அவள் 9 என்றே எழுதினாள். “இவ்வளவுதானா?” என்று கேட்டார்களாம். மெத்தனால் தட்டைக் காட்டினாளாம். அதற்கப்புறம் இருபது நிமிஷம் கேள்வி அந்தத் தட்டைப் பற்றித்தான்!

இந்த வருஷம் நீர்க்கும் சோதனை செய்கிறாள். இலையை ஊறவைக்கும்போது குலுக்க ஒரு ஷேக்கர் வேணும். செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஓடுகிற பழைய வைப்பர் மோட்டார் யாரிடமாவது இருந்தால், சாப்பாட்டுக்கு முன் என்னைப் பாருங்கள்.